வியன்னா டோனாவ்இன்சல்: பிள்ளைகளோடு குளிக்கப் போகிறோம், எந்தப் பக்கம் இறங்கலாம்?

புதுக்குடியன் | ஜூன் 4, இரவு 9:40

வணக்கம். பிப்ரவரியில் வேலை மாற்றலாகி வியன்னா வந்தோம். வெயில் வந்ததும் ஊரே தோளில் துண்டோடு யு1 ரயிலில் ஏறி டோனாவ்இன்சல், அதாவது டான்யூப் ஆற்றுத் தீவு, நிறுத்தத்தில் இறங்குகிறது. போன ஞாயிறு நாங்களும் இறங்கிப் பார்த்தோம். ரயில் நிற்பதே தீவுக்கு மேலேதான். இந்தப் பக்கம் ஒரு தண்ணீர், அந்தப் பக்கம் ஒரு தண்ணீர். ஒன்றில் நீளமான கப்பல் போகிறது, இன்னொன்றில் சின்னப் பிள்ளைகள் குளிக்கிறார்கள். இரண்டும் டான்யூப்தானா?

மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. மகள் பள்ளியோடு நீச்சல் வகுப்புக்குப் போய்வருகிறாள். மனைவிக்கு நீச்சல் தெரியாது. எனக்குக் கிணற்றில் கற்ற நீச்சல்; தண்ணீரில் இறங்கி இருபது வருடம் இருக்கும். வார இறுதியில் ஒரு முழுநாள் அங்கே கழிக்கலாம் என்று ஆசை. எங்கே இறங்குவது, தண்ணீர் சுத்தமா, கட்டணம் உண்டா, என்ன கொண்டுபோவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடகரைவாசி | ஜூன் 4, இரவு 11:15

தம்பி, கப்பல் போகிற பக்கம் இறங்காதீர்கள். அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

நான் தீவுக்கு எதிர்க்கரையில் பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் அந்தத் தண்ணீர்தான். நகரத்தை ஒட்டி ஓடுவது பெரிய, அசல் டான்யூப். சரக்குப் படகு, உல்லாசக் கப்பல் எல்லாம் அதில்தான். மறுபக்கம் இருப்பது நொயே டோனாவ், அதாவது புது டான்யூப். அது ஆறே இல்லை, வெட்டிய வாய்க்கால். 1954இல் பெரிய வெள்ளம் வந்தது. அதன் பிறகு பல வருடம் வாதாடி, 1969இல் நகரசபை முடிவெடுத்தது. 1972இல் தோண்டத் தொடங்கி 1988இல் முடித்தார்கள். தோண்டிய மண்ணை நடுவில் கொட்டி மேடாக்கியதுதான் நீங்கள் ரயிலை விட்டு இறங்கிய தீவு. நீளம் 21 கிலோமீட்டர். அகலம் எங்குமே கால் கிலோமீட்டரைத் தாண்டாது. வரைபடத்தில் பார்த்தால் ஆற்றுக்கு நடுவே போட்ட கயிறு மாதிரி இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நீங்கள் குளிக்கப் போவது ஒரு வெள்ள வடிகாலில். மேல்முனையில், லாங்கென்ட்ஸெர்ஸ்டார்ஃப் பக்கம், ஒரு மதகு இருக்கிறது. சாதாரண நாளில் அது மூடியிருக்கும். கீழே இரண்டு தடுப்பணைகள் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும். அதனால்தான் ஏரி மாதிரி அசையாமல் கிடக்கிறது. டான்யூபில் வெள்ளம் வந்தால் மதகைத் திறப்பார்கள். பெரிய ஆறும் புது வாய்க்காலும் சேர்ந்து வினாடிக்கு 14,000 கன மீட்டர் வரை தாங்கும்படி கட்டியிருக்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 5 லட்சம் கன அடி. மதகு திறந்துவிட்டால் உங்கள் மகள் நேற்றுவரை குளித்த இடம் சேறும் மரக்கட்டையுமாக ஓடும் ஆறு. குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். தண்ணீர் வடிந்தாலும் மறுபடி சுத்தமாகும்வரை தடையை எடுக்கமாட்டார்கள்.

கவனிக்க வேண்டியது இது: வியன்னாவில் நல்ல வெயில் அடிக்கும் நாளிலும் மதகு திறக்கலாம். மழை பெய்வது மேலே பவேரியாவிலோ ஆல்ப்ஸ் மலைப்பக்கமோ இருக்கும். தண்ணீர் நமக்கு வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகும். வானத்தைப் பார்த்துக் கிளம்பாதீர்கள். வியன்னா மாநகராட்சியின் இணையப் பக்கத்தில் நொயே டோனாவ் நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கரையிலும் அறிவிப்பு வைப்பார்கள்.

கட்டணம் கிடையாது. வேலி இல்லை, வாயிற்காப்போன் இல்லை. குளிக்கும் பருவத்தில் தண்ணீரின் தரத்தை நகரமே பரிசோதிக்கிறது. வெள்ளமில்லாத நாளில் நல்ல தண்ணீர். ஆனால் எல்லா இடத்திலும் உயிர்காப்பாளர் இருக்கமாட்டார். பிள்ளைக்குக் காவல் நீங்கள்தான்.

முல்லைக்கொடி | ஜூன் 5, காலை 7:20

அண்ணா மதகு வரை விளக்கிவிட்டார், நான் காலுக்குக் கீழே இருப்பதைச் சொல்கிறேன்.

கரை முழுக்க மணல் என்று நினைத்துப் போகாதீர்கள். பல இடத்தில் கரையைக் கட்டியிருப்பது பெரிய உடைகல். தண்ணீருக்குள் இருக்கும் கல் பாசி பிடித்து வழுக்கும். ஒரு கல்லில் முழங்கால் அளவு இருக்கும், அடுத்த அடியில் நெஞ்சளவு, அதற்கு அடுத்த அடியில் தரை இருக்காது. பிள்ளைகளுக்குத் தேவை உள்வாங்கிய சிறு வளைவுகள். அங்கே கூழாங்கல் பரப்பு மெதுவாகச் சரியும், ஐந்து வயதுப் பையன் உட்கார்ந்து விளையாடலாம். முதல் தடவை கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து, எங்கே சின்னப் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் துண்டு விரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

நாலு பேருக்கும் தண்ணீரில் போடும் ரப்பர் செருப்பு வாங்கிவிடுங்கள். என் மகன் முதல் வருடம் வெறுங்காலோடு இறங்கிக் கண்ணாடிச் சில்லு குத்தி, அன்றைக்கு முழுக்க ரத்தமும் அழுகையும்தான்.

சின்னவனுக்காகவே ஒரு இடம் உண்டு: தீவிலேயே இருக்கும் தண்ணீர் விளையாட்டுத் திடல், வாஸர்ஷ்பீல்ப்ளாட்ஸ் என்பார்கள். ஓடை, சின்ன அணை, இறைக்கும் பம்பு, தொங்குபாலம், மணல். பெரும்பாலும் கணுக்காலளவு தண்ணீர்தான். அதற்கும் கட்டணமில்லை. யு1 நிறுத்தத்திலிருந்து நடந்தே போகலாம். காலையில் அங்கே விட்டால் அவன் மதியம் வரை நகரமாட்டான். உங்கள் மனைவிக்கும் முதல் நாள் பயமில்லாமல் இருக்கும்.

பனங்கூடல் | ஜூன் 5, மதியம் 1:05

நான் இஞ்ச வந்து 22 வருஷம். கப்பல் பக்கம் இறங்க வேண்டாம் எண்டு அண்ணா எழுதினதை ஆரும் லேசா எடுக்கக் கூடாது எண்டுதான் இதை எழுதுறன்.

வந்த புதுசில நாங்கள் நாலு பெடியங்கள் ஒரு பின்னேரம் தீவின்ர மற்றப் பக்கம், பெரிய ஆத்துப் பக்கம் போய் இருந்தனாங்கள். அந்தப் பக்கம் ஆக்கள் இல்லை, அமைதியா இருந்தது. எனக்கு வல்வெட்டித்துறைக் கடல் பழக்கம், தண்ணியைப் பாத்தால் பயம் எண்டதே இல்லை. இடுப்பளவு தண்ணியில நிண்டுகொண்டு கதைச்சுக்கொண்டிருந்தம். தூரத்தில ஒரு சரக்குப் படகு மேல ஏறி வந்தது. நீளம், பாரம் கூட, மெதுவாத்தான் வந்தது. அது கிட்ட வர முதல் கரைத் தண்ணி தானாக் குறைஞ்சது. இடுப்பில நிண்ட தண்ணி முழங்காலுக்கு இறங்கி, காலுக்குக் கீழ கல்லெல்லாம் வெளியில தெரிஞ்சது. நாங்கள் அதிசயமாப் பாத்துக்கொண்டு நிண்டம். படகு தாண்டினதும் போன தண்ணி முழுக்கத் திரும்பி வந்து அடிச்சுது. எங்களில ஒருத்தன் விழுந்து, கல்லில தலை பட்டு, உள்ளுக்க இழுபட்டுப் போயிட்டான். அவன்ர கையைப் பிடிச்சது என்ர அதிஷ்டம். ஒரு கை தூரம் தள்ளி இருந்திருந்தால் பிடிச்சிருக்கேலாது.

கடல் அலை வரும் எண்டு முன்னுக்கே தெரியும், பழகினவன் தாண்டுவான். இது அப்பிடி இல்லை. தண்ணி பின்வாங்கினால் நிண்டு பாக்காமல் உடன கரையில ஏறுங்கோ. அதைவிட, அந்தப் பக்கம் இறங்காமலே இருங்கோ.

ஆற்றங்கரையான் | ஜூன் 5, மாலை 6:30

மகன் வீட்டுக்கு மூன்று மாதம் வந்திருக்கிறேன். எல்லோரும் எழுதியதைப் படித்தேன். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு பயமுறுத்தினால் பிள்ளை என்றைக்குத் தண்ணீரில் இறங்கும்? நாங்கள் காவிரிக்கரையில் வளர்ந்தவர்கள். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி ஆற்றில் தள்ளிவிட்டார்கள். பத்து நாளில் குடுக்கையை அவிழ்த்துவிட்டு அக்கரைக்குப் போய் வந்தோம். செருப்பும் கிடையாது, அறிவிப்புப் பலகையும் கிடையாது. என் பேரனுக்கு எட்டு வயது. நீச்சல் குளத்தில் கோடு போட்ட இடத்தில் நீந்துகிறான். இங்கே கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறான். பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

வடகரைவாசி | ஜூன் 5, இரவு 8:10

ஐயா, உங்கள் வருத்தம் நியாயம். பிள்ளைகள் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பதில் எனக்கும் இரண்டாம் கருத்தில்லை. ஆனால் உங்களுக்குச் சுரைக்குடுக்கை கட்டியவர்கள் அந்தத் துறையை அறிந்தவர்கள். எந்த மாதம் தண்ணீர் எவ்வளவு வரும், எங்கே சுழல், எங்கே மணல் அள்ளிய குழி என்று தெரிந்து, கூடவே தண்ணீரில் நின்றார்கள். இங்கே வந்து சேரும் நம் குடும்பங்களில் பெரும்பாலும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நீச்சல் தெரியாது, ஆறும் தெரியாது. காற்றடைத்த பொம்மையை நம்பிப் பிள்ளையை இறக்கிவிட்டுக் கரையில் சமோசா பிரிக்கிறோம். எனக்குப் பயம் இந்த இடத்தில்தான்.

முல்லைக்கொடி | ஜூன் 5, இரவு 8:55

காற்றடைத்த பொம்மை என்றதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஆகஸ்ட் மாதம், நல்ல கூட்டம். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம். ஆறேழு வயதுப் பெண்குழந்தை, ரோஸ் நிறத்தில் அன்னப்பறவை மிதவை. நொயே டோனாவில் ஓட்டம் இல்லை, ஆனால் காற்று உண்டு; நீளவாட்டில் தடுப்பே இல்லாமல் வீசும். குழந்தை இறங்கி நின்ற நேரத்தில் காற்று அன்னத்தைத் தள்ளிவிட்டது. அவள் அதைப் பிடிக்க ஒரு அடி வைத்தாள், அது இரண்டு அடி போயிற்று. இன்னொரு அடி வைத்தாள். அவ்வளவுதான், தலை தெரியவில்லை. கத்தவில்லை, கை ஆட்டவில்லை. தலைமுடி மட்டும் தண்ணீர் மேல் விரிந்து கிடந்ததைப் பார்த்தேன். அவள் அம்மா அதே இடத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அவர் கண் அன்னத்தின் மேல் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு இளைஞர் இரண்டே எட்டில் போய்த் தூக்கிவிட்டார். குழந்தை இருமி, வாந்தி எடுத்து, அழுதது. அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூழ்கும் பிள்ளை சத்தம் போடாது. வாய் தண்ணீருக்கு மேலே இருக்கும் கொஞ்ச நேரமும் மூச்சு இழுக்கவே போதாது, கத்துவது எங்கே? அதனால் கண் பார்வையில் இருக்கிறான் என்பது போதாது. ஐந்து வயதுப் பிள்ளை கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நீங்களும் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். கைபேசியைப் பையில் போட்டு மூடிவிட்டு, அரைமணிக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். ‘இப்போ நான் பாக்கறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் பார்க்கிறார்கள் என்றால் பல நேரம் யாருமே பார்ப்பதில்லை. ஏதாவது ஆனால் 144 அழையுங்கள், ஆம்புலன்ஸ் எண். 112ம் வேலை செய்யும்.

ஆற்றங்கரையான் | ஜூன் 6, காலை 6:15

அம்மா, படித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் சொன்னதில் ஒரு பாதியை விட்டுவிட்டேன் என்று இப்போது படுகிறது. நாங்களும் தெரியாத துறையில் இறங்கமாட்டோம். வேறு ஊருக்குப் போனால் பரிசல்காரரைக் கேட்டுத்தான் காலை நனைப்போம். அவர் ‘இங்க வேணாம்’ என்றால் வேண்டாம்தான், ஏன் என்று கேட்கமாட்டோம். இங்கே பரிசல்காரருக்குப் பதில் அந்த அறிவிப்பும் நீங்களும்தான் போலிருக்கிறது.

பேரனை ஞாயிறு கூட்டிக்கொண்டு போகிறேன். நான் இடுப்பளவு தண்ணீரில் நிற்பேன், அவன் மல்லாந்து மிதக்கட்டும். நீச்சலில் நான் யாருக்கும் முதலில் சொல்லித்தருவது அதுதான். கை ஓய்ந்தால் திரும்பிப் படுத்து மிதக்கத் தெரிந்தவன் தப்பிப்பான்.

தயக்கத்தோடு | ஜூன் 6, காலை 10:40

எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. தீவில் ஆடையில்லாமல் குளிக்கும் இடங்கள் உண்டு என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மாமியாரை அழைத்துக்கொண்டு போக இருக்கிறோம். தெரியாமல் அந்தப் பக்கம் போய்விடுவோமோ என்று சங்கடமாக இருக்கிறது. இன்னொன்று, நானும் அவரும் முழுக்கை ஆடையில்தான் இறங்குவோம். யாராவது ஏதாவது சொல்வார்களா?

மேம்பாலத்து_மாணவி | ஜூன் 6, மதியம் 12:20

அக்கா, அந்த இடங்கள் தீவின் வடகோடியிலும் தென்கோடியிலும் இருக்கின்றன. எஃப்கேகே என்று வரைபடத்திலும் பலகையிலும் போட்டிருக்கும். யு1 நிறுத்தத்தைச் சுற்றிய நடுப்பகுதியில் இருந்தால் பிரச்சினையே இல்லை. சைக்கிளில் கோடி வரை போனால் கடந்து போக நேரும். அவர்கள் பாட்டுக்குப் படித்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருப்பார்கள், நீங்கள் உங்கள் பாட்டுக்குப் போகலாம். அங்கே கேமராவை மட்டும் வெளியே எடுக்க வேண்டாம். இங்கே அது பல தலைமுறையாக இருக்கும் பழக்கம், யாரையும் சீண்டுவதற்காகச் செய்வதில்லை.

ஆடை பற்றி: தீவில் உடுப்புக்குக் காவல் கிடையாது, முழுக்கையோடு இறங்குபவர்களை நான் எப்போதும் பார்க்கிறேன். ஆனால் பருத்திச் சுடிதாரோடும் துப்பட்டாவோடும் இறங்காதீர்கள். நனைந்தால் கல்லாகக் கனக்கும், காலைச் சுற்றும். நீச்சலுக்கென்றே முழுக்கை முழுக்கால் உடை விளையாட்டுக் கடைகளில் கிடைக்கிறது. அம்மா வந்தபோது அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாகக் கழுத்தளவு தண்ணீரில் நின்றார். ஒரு மணிநேரம் கரைக்கு வரவே மறுத்துவிட்டார்.

வெள்ளத்தைப் பற்றி வடகரை அண்ணா எழுதியதற்கு நான் சாட்சி. 2024 செப்டம்பரில் ஐந்து நாள் விடாமல் மழை. மதகு திறந்திருந்தபோது ரயிலில் ஆற்றைக் கடந்தேன். பெட்டியில் யாரும் பேசவில்லை, எல்லோரும் ஜன்னலோரம். நான் எப்போதும் படுத்துப் படிக்கும் கரை காணோம், அங்கே நிற்கும் மரத்தின் மேல்பாதி மட்டும் தண்ணீருக்கு வெளியே. மஞ்சளும் பழுப்புமாக, முழு மரங்கள் உருண்டு வந்தன. அந்த வெள்ளத்தில் வீன் என்ற சின்ன ஆறுதான் நகரத்துக்குள் தொல்லை கொடுத்தது, அதையொட்டி ஓடும் யு4 ரயில் பாதையை மூட வேண்டிவந்தது. டான்யூப் கரைமீறி நகரத்துக்குள் வரவில்லை. நாம் துண்டு விரிக்கிற அந்த வாய்க்கால் வாங்கிக்கொண்டது.

பனங்கூடல் | ஜூன் 6, பின்னேரம் 4:45

தங்கச்சி சொன்னது சரி. 2013 ஜூன் வெள்ளமும் இப்பிடித்தான், தீவின்ர தாழ்ந்த இடமெல்லாம் தண்ணிக்குள்ள. ஆனால் இரண்டு மூண்டு கிழமையால அதே தீவில டோனாவ்இன்சல்ஃபெஸ்ட் நடந்தது. அது 1984இலிருந்து நடக்கிற இசைவிழா, மூண்டு நாள், காசு இல்லை, முப்பது லட்சம் வருகை எண்டு கணக்குச் சொல்லுவினம். வழக்கமா ஜூன் கடைசியில வரும். புதுக்குடியன், பிள்ளையளோட குளிக்க எண்டால் அந்தக் கிழமையைத் தவிருங்கோ. விழா முடிஞ்சு சில நாளைக்குப் புல்லுக்க போத்தில் துண்டும் இருக்கும்.

முல்லைக்கொடி | ஜூன் 6, இரவு 9:30

சொல்ல மறந்தது ஒன்று. தண்ணீரிலிருந்து வந்த பிறகு பிள்ளைகள் உடம்பில் கொசுக்கடி மாதிரி சிவப்புப் புள்ளி வந்து அரிக்கலாம். தண்ணீர் அழுக்கு என்று பயந்துவிடாதீர்கள். வாத்துக்கும் நத்தைக்கும் இடையே வாழும் ஒரு ஒட்டுண்ணிப் புழுவின் குஞ்சு, ட்சர்காரியன் என்பார்கள். வெதுவெதுப்பான, ஆழமில்லாத, செடி மண்டிய தண்ணீரில் வரும். நம் தோலை வாத்து என்று நினைத்துத் துளைத்து அங்கேயே செத்துப்போகும். ஆபத்தில்லை, அரிப்புத்தான், சில நாளில் போய்விடும். வெளியே வந்ததும் துண்டால் அழுத்தித் துடைத்து, ஈர உடையை உடனே மாற்றினால் பெரிதும் குறையும். வாத்துக்கு ரொட்டி போடாதீர்கள். வாத்து கூடும் இடத்தில்தான் இதுவும் கூடும்.

கரிநெருப்பு | ஜூன் 7, காலை 11:00

கூட்டமாகப் போய்ச் சுட்டுச் சாப்பிட முடியுமா? கூடாரம் போட்டு இரவு தங்கலாமா?

வடகரைவாசி | ஜூன் 7, மதியம் 12:45

கூடாரம் போட்டுத் தங்க முடியாது. வியன்னாவில் பொது இடத்தில் முகாமிடத் தடை, தீவும் அதில் அடக்கம்.

நெருப்பு மூட்டக் குறித்த இடங்கள் உண்டு. மாநகராட்சியிடம் முன்பதிவு செய்து பணம் கட்டி எடுக்கும் இடங்கள் ஒரு வகை. முன்பதிவு இல்லாமல் முந்திப் போனவர் பிடிக்கும் பொதுப் பகுதி இன்னொரு வகை. வேறெங்கும் மூட்டக் கூடாது. மழையில்லாமல் புல் காய்ந்து கிடக்கும் நாட்களில் அங்கும் தடை வரும், பார்த்துவிட்டுப் போங்கள். சாம்பலையும் எலும்பையும் புல்லில் கொட்டிவிட்டு வராதீர்கள். நான் காலையில் நடக்கிற வழி அது. திங்கட்கிழமை பார்த்தால் வயிறு எரிகிறது.

மிதிவண்டி_நாள் | ஜூன் 7, இரவு 7:30

குளியலே பேசுகிறீர்கள், சைக்கிளை யாரும் சொல்லவில்லையே. தீவின் நீளம் முழுக்க, தண்ணீரை ஒட்டியும் மேட்டிலும், கார் இல்லாத பாதை. சொந்த சைக்கிள் இல்லாவிட்டால் வீன்மொபில் வாடகை சைக்கிள் எடுக்கலாம். யு-ரயிலில் சைக்கிள் ஏற்றக் கட்டணமில்லை. ஆனால் வேலை நாட்களில் காலை 9 முதல் 3 வரையும், மாலை 6:30க்கு மேலும்தான். சனிக்கிழமை 9 மணியிலிருந்து, ஞாயிறு நாள் முழுக்க.

பிள்ளைகளோடு வடக்கே போங்கள். கூட்டம் குறையும், மரம் கூடும். இத்தனைக்கும் அங்கே இருக்கும் மரங்களில் பெரும்பாலானவை மனிதன் நட்டவை. 1980களில் வெறும் மண்மேடு. இப்போது நீர்நாய் மாதிரி பருத்த பீவர் குடியிருக்கிறது. கரையோர மரத்தின் அடியைப் பாருங்கள், பென்சில் சீவின மாதிரி பல் தடத்தோடு நிற்கும்.

புதுக்குடியன் | ஜூன் 14, இரவு 10:05

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போய்வந்தோம். நடந்ததை எழுதுகிறேன், நாளை யாராவது இதே கேள்வியோடு வந்தால் உதவும்.

கிளம்பும் முன் மாநகராட்சிப் பக்கத்தைப் பார்த்தோம், தடை இல்லை. ஒன்பதரைக்கு யு1இல் இறங்கிவிட்டோம். மகன் தண்ணீர்த் திடலில் மதியம் வரை ஒரே பம்பை அடித்துக்கொண்டிருந்தான், முல்லைக்கொடி அக்கா சொன்னபடியே. அப்புறம் கரையோரமாக இருபது நிமிடம் நடந்து, நாலைந்து குடும்பங்கள் இருந்த ஒரு வளைவில் துண்டு விரித்தோம்.

செருப்பு போட்டு நான் முதலில் தனியாக இறங்கி, ஒவ்வொரு அடியாக வைத்துப் பார்த்தேன். ஏழு அடி வரை கூழாங்கல். எட்டாவது அடியில் கால் கீழே போய்விட்டது. தலைவரை முங்கி, உதைத்து மேலே வந்தேன். கிணற்று நீச்சல் இருக்கிறது என்று நினைத்தேன். கை அடித்தது, ஆனால் பத்து வீச்சில் மூச்சு வாங்கியது. கரைக்கு வந்து உட்கார்ந்தபோது மனைவி ஒன்றும் பேசவில்லை, தோளில் துண்டைப் போட்டாள். அதே இடத்தில் மகன் நின்றிருந்தால் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அந்த எட்டாவது அடிக்கு நேராகக் கரையில் பையை வைத்து, ‘பைக்கு அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது’ என்று எல்லை போட்டோம். முறைவைத்துத் தண்ணீரில் நின்றோம். மனைவி முழங்கால் வரை இறங்கி, மகனின் கையை விடவே இல்லை.

மகள் மல்லாந்து மிதந்து காட்டினாள். பள்ளியில் ஃப்ரைஷ்விம்மர் என்ற நீச்சல் சான்றிதழுக்குப் பயிற்சி எடுக்கிறாளாம். அதற்கு நிற்காமல் 15 நிமிடம் நீந்த வேண்டும், குதிக்க வேண்டும், நீச்சல் விதிகள் பத்தும் தெரிந்திருக்க வேண்டும். ‘அப்பா, உனக்கு அந்த பத்து ரூல்ஸ் தெரியுமா?’ என்று கேட்டாள். தெரியாது என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள்: வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டு இறங்காதே, தெரியாத தண்ணீரில் குதிக்காதே, இடி வந்தால் உடனே வெளியே வா...

பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பு எங்கே நடக்கிறது என்று யாராவது சொல்ல முடியுமா? எனக்கும் மனைவிக்கும் சேர்த்துத்தான். அவளே கேட்கச் சொன்னாள்.

மேம்பாலத்து_மாணவி | ஜூன் 14, இரவு 10:40

அண்ணா, மாநகராட்சியின் உள்ளரங்கக் குளங்களில் பாருங்கள். ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலே என்ற மக்கள் கல்வி நிலையங்களின் பாடப் பட்டியலிலும் தேடுங்கள். பெண்களுக்குத் தனி வகுப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள், அம்மாவைப் போன்றவர்களுக்கு அது வசதி. இலையுதிர்கால வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும். கோடை முடியும்வரை காத்திருக்காதீர்கள்.

ஆற்றங்கரையான் | ஜூன் 15, காலை 6:05

தம்பி, அந்தப் பத்து விதியையும் உங்கள் மகளைத் தமிழில் எழுதித்தரச் சொல்லி இங்கே போடுங்கள். பேரனுக்கு நான் படித்துக் காட்ட வேண்டும். நேற்று அவன் என் கையை விட்டுவிட்டு முப்பது எண்ணும்வரை மல்லாந்து மிதந்தான். காதில் தண்ணீர் போனதும் பயந்து எழுந்துவிட்டான். அடுத்த ஞாயிறு நாற்பது எண்ணுவதாகப் பேச்சு.